நிலவுக்கு ஏன் 40 நாள்?

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியதைத் திரையில் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். அன்று இரவு படுத்த பிறகும் ஒரு கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. ஜூலை 14-ல் கிளம்பிய கலம் நிலவில் இறங்க 40 நாள் ஆகியிருக்கிறது. 1969-ல் அப்பல்லோ 11 கிளம்பி நான்கு நாளில் மனிதர்களை அங்கே இறக்கிவிட்டது. அதே நிலவு, அதே தூரம். அப்புறம் ஏன் பத்து மடங்கு நாள்?

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "சின்ன ராக்கெட், மெதுவாகத்தான் போகும்." சாலையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பதில் பொருந்தும். காற்றும் உராய்வும் இல்லாத இடத்தில் 'மெதுவாக' என்றால் என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் பொறியாளர் இல்லை. வரவு செலவுக் கணக்கு எழுதுவது என் தொழில், இயற்பியல் பள்ளியோடு நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு நானே கணக்குப் போட்டு ஒரு பதில் எடுக்க ஒன்றரை வருஷம் ஆனது. அதில் முதல் ஐந்து மாதம் தவறான வரிசையில் படித்ததால் போனது. புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு அந்த ஐந்து மாதத்தையாவது மிச்சப்படுத்த முடியுமா என்று பார்க்கிறேன்.

நான் ஆரம்பித்தது இன்ஜினிலிருந்து. டர்போ பம்ப், எரி அறை, நாசில் என்று படம் படமாகப் பார்த்தேன். பணம் கட்டி ஓர் இணைய வகுப்பிலும் சேர்ந்தேன். அழகான படங்கள் இருந்தன, ஒரு கணக்குகூடப் போடச் சொல்லவில்லை. இன்ஜின் சுவையான விஷயம்தான். ஆனால் எங்கே போக வேண்டும், அதற்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று தெரியாமல் இன்ஜினைப் படித்தால் எதுவும் எதோடும் ஒட்டாது. முதலில் சுற்றுப்பாதை, அடுத்து ராக்கெட் சமன்பாடு, இன்ஜின் அதற்கும் அப்புறம். இந்த வரிசைதான் எனக்கு வேலை செய்தது.

சுற்றுப்பாதை என்றதும் மனதில் வருவது உயரம். அந்த எண்ணத்தை முதலில் கழற்ற வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். அப்படியும் அது விழாமல் இருப்பதற்குக் காரணம், வினாடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதுதான். விழுந்துகொண்டேதான் இருக்கிறது. விழும் அளவுக்கே பூமியின் வளைவும் கீழே விலகிக்கொண்டே போகிறது. 92 நிமிடத்துக்கு ஒருமுறை உலகத்தைச் சுற்றி வருகிறது.

இதைப் படித்தபோது புரிந்த மாதிரி இருந்தது. நிஜமாகப் புரிந்தது கணக்குப் போட்டபோதுதான். காற்றை விட்டுவிட்டால், ஒரு பொருளை நேர் மேலே 400 கி.மீ. உயரத்துக்கு எறிய வினாடிக்கு 2.7 கி.மீ. வேகம் போதும். அது அங்கே தொட்டுவிட்டுத் திரும்பி விழுந்துவிடும். அதே உயரத்தில் தங்க வேண்டுமென்றால் 7.66 வேண்டும். மேலே போவது ராக்கெட்டின் சின்ன வேலை, பக்கவாட்டில் ஓடுவதுதான் பெரிய வேலை. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ராக்கெட் ஏன் சாய்ந்து போகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் ஒரே ஒரு சூத்திரம் போதும். வேகத்தின் வர்க்கம் = 398600 × (2 ÷ இப்போதைய தூரம் − 1 ÷ நீள அச்சில் பாதி). தூரம் கிலோமீட்டரில், வேகம் வினாடிக்கு கிலோமீட்டரில். 398600 என்பது பூமிக்கான எண். நீள அச்சு என்பது நீள்வட்டப் பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ள நீளம். எனக்கு இதில் ஒரு சறுக்கல் ஏற்பட்டது, பலருக்கும் ஏற்படும்: தூரத்தைப் பூமியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். செய்திகளில் வரும் உயரம் தரையிலிருந்து சொல்லப்படுவது. அதோடு 6378-ஐக் கூட்டாமல் போட்டால் விடை தாறுமாறாக வரும்.

அடுத்தது ராக்கெட் சமன்பாடு. ரஷ்யப் பள்ளி ஆசிரியரான கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்டது. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் மொத்த வேக மாற்றம், புகை வெளியேறும் வேகத்தையும், எரிபொருளோடு உள்ள எடைக்கும் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் எடைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையையும் பெருக்கினால் வருவது. அந்த வேக மாற்றத்தைத்தான் டெல்டா-வி என்கிறார்கள். விண்வெளித் துறையில் உண்மையான நாணயம் இதுதான். தூரம் கணக்கில் வராது, நேரமும் பெரும்பாலும் வராது. கையில் எவ்வளவு டெல்டா-வி இருக்கிறது, எங்கே எவ்வளவு செலவாகும் என்பதுதான் திட்டம். என் தொழிலுக்கு இது மிக நெருக்கமாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எக்செல்லில் தாள் போட்டேன். வெளியேற்ற வேகம் 3 கி.மீ., எடை விகிதம் 10 என்று கொடுத்தேன். விடை 3 கி.மீ. என்று வந்தது. விகிதத்தை ஏற்றிப் பார்த்தேன், இரண்டு நிலை, மூன்று நிலை (எரிந்து முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் பகுதிகள்) என்று மாற்றிப் பார்த்தேன். எந்த ராக்கெட்டும் சுற்றுப்பாதைக்குப் போகவே முடியாது என்றுதான் தாள் சொன்னது. இரண்டு இரவு கழித்துத்தான் தவறு தெரிந்தது. எக்செல்லில் லாக் என்று போட்டால் அது 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை. நமக்கு வேண்டியது இயல் மடக்கை, அதற்கு எல்என் என்று போட வேண்டும். சரியாகப் போட்டதும் 3 என்ற விடை 6.9 ஆனது. அதிலிருந்து எந்தப் புதுத் தாளிலும் முதலில் ஒரு சோதனை செய்கிறேன். விகிதத்துக்கு 2.718 போட்டால் விடை வெளியேற்ற வேகமாகவே வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

அலகு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இன்ஜினின் திறனை 'ஒப்பு உந்தம்' என்று வினாடிக் கணக்கில் எழுதுவார்கள். 300 வினாடி என்று இருந்தால் அதை 9.81-ஆல் பெருக்க வேண்டும், வினாடிக்கு 2943 மீட்டர் வெளியேற்ற வேகம் வரும். திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் நல்ல இன்ஜின் வெற்றிடத்தில் 450 வினாடி வரை தரும். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததே அலகுக் குழப்பத்தால்தான். தரையில் இருந்த ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைக் கொடுக்க, வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. செவ்வாய்க்கு மேல் 226 கி.மீ. உயரத்தில் கடக்க வேண்டிய கலம் ஏறக்குறைய 57 கி.மீ. வரை இறங்கிப் போனது. அதைப் படித்த நாளிலிருந்து என் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துக் கட்டத்தில் அலகை எழுதுகிறேன்.

ராக்கெட்டுக்கு ஏன் பல நிலைகள் என்பதை யாரும் சொல்லிக் கேட்பதைவிட நீங்களே போட்டுப் பாருங்கள். என் எண்களைத் தருகிறேன். 100 டன் ராக்கெட், வெளியேற்ற வேகம் 3 கி.மீ., காற்றுத் தடையையும் ஈர்ப்பு இழப்பையும் சேர்த்துத் தேவை 9.4 கி.மீ. ஒரே நிலை என்றால் கடைசியில் மிஞ்சுவது 4.4 டன். தொட்டியும் இன்ஜினும் அந்த நிலையின் எடையில் 8 சதவீதம் என்று வைத்தால் அவை மட்டுமே 8 டன்னுக்கு மேல். ஆக, செயற்கைக்கோளே இல்லாமலும் போய்ச் சேராது. இப்போது அதே 100 டன்னை இரண்டு நிலையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 4.7 கி.மீ. தரட்டும் என்று வையுங்கள். முதல் நிலை எரிந்து கழன்றதும் 14 டன் மிஞ்சுகிறது. இரண்டாவதும் எரிந்தபின் ஏறக்குறைய 2 டன் சுமை சுற்றுப்பாதையில் நிற்கிறது. காலித் தொட்டியைத் தூக்கி எறிந்ததற்குக் கிடைத்தது அந்த 2 டன். இந்தக் கணக்கு முடிந்த இரவு நான் தூங்கவே இல்லை.

கையால் செய்து பார்க்க ஆசைப்பட்டு நடுவில் பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து ராக்கெட் விட்டேன். முதல் நான்கும் கிளம்பிய உடனே குட்டிக்கரணம் போட்டன. எடையின் மையம் முன்னாலும், காற்றழுத்தம் தாங்கும் மையம் பின்னாலும் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். படித்ததைச் செய்து பார்க்கவில்லை. மூக்கில் களிமண் உருண்டை வைத்து, வால் இறக்கைகளைப் பெரிதாக்கி, எடை சமமாக நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தேன். மூக்கை முன்னால் வைத்துச் சுற்றினால் பறக்கும்போதும் நிலையாகப் போகும். ஐந்தாவது நேராகப் போனது. காற்றடிக்கும்போது தள்ளி நில்லுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெடிமருந்து, ரசாயனம் எதையும் வீட்டில் கலக்காதீர்கள். தண்ணீர் ராக்கெட்டே கற்றுத் தர நிறைய வைத்திருக்கிறது.

கணினியில் பழக நான் பயன்படுத்தியது கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் என்ற விளையாட்டு. அதன் கற்பனைக் கோளின் ஆரம் 600 கி.மீ.தான். அதனால் எண்கள் சின்னவை, விதிகள் பெரும்பாலும் உண்மையானவை. இரண்டு கலங்களைச் சந்திக்க வைக்க அதில் மூன்று வாரம் முயன்றேன். முன்னால் போகும் கலத்தை நோக்கி இன்ஜினை எரித்தால் அது இன்னும் விலகிப் போகும். வேகம் கூடினால் நம் பாதை உயரும், உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆகும், நாம் பின்தங்குவோம். முன்னால் இருப்பதைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும்.

1965 ஜூனில் ஜெமினி 4-ல் ஜேம்ஸ் மெக்டிவிட் தங்களை ஏற்றி வந்த ராக்கெட்டின் காலி நிலையை இப்படி நேராகத் துரத்திப் பார்த்து, எரிபொருள் கரைந்ததால் கைவிட்டார். அதே வருஷம் டிசம்பர் 15-ல் ஜெமினி 6ஏ கணக்குப் போட்டுத் தாழ்ந்த பாதையில் வந்து ஜெமினி 7-ன் பக்கத்தில் நின்றது. கைதேர்ந்த சோதனை விமானிகளுக்கே உள்ளுணர்வு கைகொடுக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குத் தெம்பு வந்தது. விளையாட்டை ஆடுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒவ்வொரு எரிப்புக்கும் முன்னால் எவ்வளவு டெல்டா-வி ஆகும் என்று காகிதத்தில் எழுதிவிட்டு, அப்புறம் எரித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் விரல்தான் பழகும்.

சரி, 40 நாளுக்கு வருகிறேன்.

சந்திரயான்-3-ஐ ராக்கெட் விட்ட பாதை 170 கி.மீ. × 36,500 கி.மீ. நீள்வட்டம், அதாவது தரையிலிருந்து மிக அருகில் 170, மிகத் தொலைவில் 36,500. முன்னே சொன்ன சூத்திரத்தில் போட்டால், பூமிக்கு மிக அருகில் வரும்போது கலத்தின் வேகம் வினாடிக்கு 10.28 கி.மீ., தொலைவில் இருக்கும்போது 1.57 கி.மீ. அதே அண்மைப் புள்ளியிலிருந்து நிலவு வரை நீளும் பாதைக்கு 10.94 கி.மீ. வேண்டும். குறைவது வெறும் 660 மீட்டர். ஒரே எரிப்பில் கொடுத்துவிட்டால் என்ன?

கலத்தின் இன்ஜின் 440 நியூட்டன், எடை 3900 கிலோ. வகுத்தால் ஒவ்வொரு வினாடிக்கும் 11 சென்டிமீட்டர் வேகம்தான் கூடுகிறது. 660 மீட்டர் சேர்க்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எரிக்க வேண்டும். அதற்குள் கலம் அண்மைப் புள்ளியை விட்டுப் பல ஆயிரம் கிலோமீட்டர் விலகிப் போயிருக்கும். விலகிப் போனால் என்ன கெட்டுவிடும் என்பதற்கு ஓபர்த் விளைவு பதில் சொல்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடும்போது 100 மீட்டர் வேகம் கூட்டுவதால் கிடைக்கும் ஆற்றல், 1.6 கி.மீ. வேகத்தில் அதே 100 மீட்டரைக் கூட்டுவதால் கிடைப்பதைப்போல ஆறு மடங்கு. எரிபொருள் செலவு இரண்டுக்கும் ஒன்றேதான். அதனால் அண்மைப் புள்ளிக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் எரித்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வந்து எரித்து, ஐந்து முறை பாதையை நீட்டினார்கள். ஆகஸ்ட் 1-ல் கடைசித் தள்ளல். அப்பல்லோவில் சாட்டர்ன் 5-ன் மூன்றாம் நிலை அந்த வேலையை ஏறக்குறைய 6 நிமிடத்தில் முடித்தது. கிளம்பும்போது 2900 டன் எடையுள்ள ராக்கெட் அது.

பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நாட்களைக் கூட்டிப் பார்த்தபோது பாதிதான் நேரானது. ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 1 வரை 18 நாள். நிலவை எட்டியது ஆகஸ்ட் 5. அதற்குப் பிறகும் 18 நாள் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பாதையைச் சுருக்கிக் கீழே இறங்கச் சில நாள் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். மிச்ச நாளெல்லாம் எதற்கு?

அது பிடிபட்டது நானே ஒரு திட்டம் எழுதிப் பார்த்தபோதுதான். இதை எல்லோருக்கும் சொல்வேன்: அடிப்படை ஓரளவு தெரிந்ததும் காகிதத்தில் ஒரு பயணத்தை முழுதாகத் திட்டமிடுங்கள். கோள்களின் நிலையை நாசாவின் ஹொரைசன்ஸ் சேவையில் இலவசமாக எடுக்கலாம். பாதையைச் சரிபார்க்க ஜிமேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பழக ஒரு மாதம் ஆகும். ஆனால் முதல் வரைவுக்கு ஒரு தாளும் மூன்று சூத்திரங்களும் போதும்.

என் திட்டம் 1000 கிலோ நிலவுச் சுற்றுக்கலம், சந்திரயான்-3 கிளம்பிய அதே நீள்வட்டத்திலிருந்து. நிலவுக்குத் தள்ள 660, நிலவருகே வேகம் குறைத்து 100 கி.மீ. பாதைக்கு வர 850, திருத்தங்களுக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து மொத்தம் 1700 மீட்டர். 315 வினாடி இன்ஜினுக்கு எரிபொருள் 423 கிலோ. 10 கிலோ கேமரா ஒன்றை ஏற்ற ஆசைப்பட்டால் எரிபொருள் 7.3 கிலோ கூட வேண்டும் என்று தாள் உடனே சொல்லும். இந்தத் தாள் நம்பத் தகுந்ததா என்று சந்திரயான்-1-ஐ வைத்துச் சோதித்தேன். 2008-ல் 1380 கிலோவோடு 255 × 22,860 கி.மீ. பாதையிலிருந்து ஆரம்பித்த அது, நிலவுப் பாதையில் 675 கிலோ இருந்தது. அதாவது 49 சதவீதம். தாழ்ந்த பாதைக்காக 300 மீட்டர் சேர்த்தபின் என் தாள் 52 என்றது. மூன்று சதவீத வித்தியாசத்தில் நிற்கிறதே என்று அன்று எனக்கிருந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை.

உபரியை ஆரம்பத்திலேயே ஒதுக்குங்கள். முதல் வரைவில் எடைக்கு 20 சதவீதம் வரை உபரி வைப்பது வழக்கம். நான் 5 போட்டிருந்தேன். மங்கள்யான் 2013 நவம்பர் 11-ல் பாதையை உயர்த்தியபோது 130 மீட்டருக்குப் பதில் 35 மீட்டர்தான் கிடைத்தது. மறுநாளே இன்னொரு எரிப்பில் சரிசெய்ய முடிந்ததென்றால், அதற்கான எரிபொருளும் நாளும் கையில் இருந்தன. அதைப் படித்துவிட்டு என் 5-ஐ அழித்து 20 ஆக்கினேன். கேமரா போய்விட்டது.

அப்புறம் அந்தத் திட்டத்தில் ஒரு லேண்டரைச் சேர்த்துப் பார்த்தேன். சக்தி சூரியத் தகடுகளிலிருந்து. நிலவில் பகல் ஏறக்குறைய 14 பூமி நாள், இரவும் அவ்வளவே. இரவின் குளிரை அந்தக் கருவிகள் தாங்காது. அப்படியானால் இறங்கும் இடத்தில் சூரியன் உதித்த கையோடு இறங்கினால்தான் முழுப் பகலும் வேலைக்குக் கிடைக்கும். நடுப்பகலில் போய் இறங்கினால் பாதி ஆயுள் போச்சு. தவறவிட்டால் அடுத்த விடியலுக்கு 29 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அப்பல்லோவிலும் சூரியன் தாழ்வாக இருக்கும் காலைப் பொழுதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், நிழல் நீளமாக விழுந்தால் பள்ளம் எது பாறை எது என்று கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக.

அதுவரை என் தாளில் முதல் வரி 'கிளம்பும் நாள்'. அதிலிருந்து கூட்டிக்கொண்டே கீழே வந்துகொண்டிருந்தேன். அன்று அந்த வரியை வெட்டிக் கடைசியில் ஒட்டினேன். முதல் வரியில் இறங்கும் இடத்தின் விடியலை எழுதி, அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தேன். இறங்குவதற்கு முன் சோதனைக்கு இத்தனை நாள், நிலவுப் பாதையைச் சுருக்க இத்தனை, பயணத்துக்கு ஐந்து, பூமியைச் சுற்றி ஐந்து எரிப்பு, ஒன்று தவறினால் மறுபடி செய்ய இத்தனை. சந்திரயான்-3-ன் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தெற்கே 69 பாகையில் அந்த இடத்தில் விடிந்தது ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி. செப்டம்பர் 4-ல் லேண்டரை உறங்க வைத்தார்கள். நிலவருகே போன 18 நாளில் காத்திருப்பும் சேர்ந்திருந்தது, கீழே இன்னும் இருட்டாக இருந்தது.